புது கெர்னலில் பூட் செய்தால் லேப்டாப் திரை இருட்டு: எங்கே தேடுவது?

லினக்ஸ் கெர்னலைச் சொந்தமாக கம்பைல் செய்து நிறுவி, ரீபூட் செய்ததும் திரை கறுத்துவிட்டதா? உடனே கான்ஃபிக் ஃபைலை (கெர்னலில் எதெல்லாம் சேர வேண்டும் என்ற பட்டியல்) திறந்து கண்டதையும் மாற்ற வேண்டாம். திரை எந்தக் கட்டத்தில் அணைந்தது என்று முதலில் கவனியுங்கள். எந்தக் கெர்னலில் பூட் செய்வது என்று கேட்கும் கிரப் மெனுவே தெரியவில்லை என்றால் பழி கெர்னல் மேல் இல்லை. ‘லோடிங் இனிஷியல் ராம்டிஸ்க்’ வரியோடு நிற்பது ஒரு நோய். எழுத்துகள் சில நொடி ஓடிப் பிறகு அணைவது இன்னொன்று. லாகின் திரை வரவேண்டிய நேரத்தில் இருள்வது மூன்றாவது.

எதுவானாலும் பழைய கெர்னலை அழித்துவிடாதீர்கள். கிரப் மெனு ஒளிந்திருந்தால், யுஇஎஃப்ஐ (பயாஸுக்குப் பதில் வந்த தொடக்க மென்பொருள்) கணினியில் எஸ்கேப் விசையையும் பழைய பயாஸ் கணினியில் ஷிஃப்ட் விசையையும் அழுத்தி வரவழைத்து, ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ வழியாகப் பழைய கெர்னலில் நுழையுங்கள். அங்கே திரை ஒழுங்காக வந்தால் பேனலும் கேபிளும் நலம். பிறகு டெர்மினலில் ‘ஜர்னல்சிடிஎல் -கே -பி -1’ கொடுத்தால், தோற்றுப்போன முந்தைய பூட்டின் கெர்னல் லாக் கிடைக்கும். ஆனால் ‘வார்’ டைரக்டரிக்குள் ‘லாக்’, அதற்குள் ‘ஜர்னல்’ என்ற டைரக்டரி இருந்தால்தான் லாக் டிஸ்க்கில் தங்கும், இல்லையென்றால் உருவாக்கிக்கொள்ளுங்கள். பவர் பட்டனை அமுக்கிப் பிடித்து அணைத்தால் கடைசி வரிகள், அதாவது நமக்கு வேண்டிய வரிகள், எழுதப்படாமல் போகலாம். அதற்குப் பதில் ஆல்ட்டையும் பிரின்ட் ஸ்கிரீனையும் பிடித்தபடி எஸ் (மிச்சத்தை டிஸ்க்கில் எழுது), யு (டிஸ்க்கைப் படிக்க மட்டும் ஆக்கு), பி (ரீபூட்) விசைகளை இடைவெளி விட்டு அழுத்துங்கள். இந்த அவசர விசைகளுக்கு உபுண்டு வைத்திருக்கும் இயல்பு மதிப்பான 176 மூன்றுக்கும் அனுமதி தருகிறது. உங்கள் கான்ஃபிக்கில் இவற்றுக்கான ‘மேஜிக் சிஸ்ஆர்க்யூ’ இயக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

டார்ச் சோதனை

இருண்ட திரையில் டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தால் படம் வருகிறது, பின்னொளிதான் எரியவில்லை. கிரப்பில் ‘இ’ விசையை அழுத்தி, ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரியின் கடைசியில் ‘ஏசிபிஐ_பேக்லைட்=நேட்டிவ்’ சேர்த்து, கன்ட்ரோலும் எக்ஸும் அழுத்தி பூட் செய்யுங்கள். பலிக்காவிட்டால் ‘நேட்டிவ்’ இடத்தில் ‘வெண்டர்’ அல்லது ‘வீடியோ’. 6.1 பதிப்பிலிருந்து கெர்னல் ஒரே ஒரு பின்னொளிச் சாதனத்தை மட்டும் பதிவுசெய்யும்படி மாறிவிட்டது. ஆகவே முன்பு எப்போதோ கிரப்பில் சேர்த்துவைத்த இதே ஆப்ஷனே இன்று வினையாகலாம், எடுத்துவிட்டும் பாருங்கள்.

எழுத்து ஓடிப் பிறகு அணைந்தால்

பூட்டின் தொடக்கத்தில் யுஇஎஃப்ஐ தந்த ஃபிரேம்பஃபரில்தான் (திரைப் படத்துக்கான நினைவகப் பகுதி) எழுத்து ஓடுகிறது. ஐ915 (இன்டெல்), ஏஎம்டிஜிபியு (ஏஎம்டி) போன்ற உண்மையான கிராபிக்ஸ் டிரைவர் எழுந்ததும் அதைத் தள்ளிவிட்டுத் தானே திரையை எடுத்துக்கொள்ளும். பெரும்பாலான விபத்துகள் இந்தக் கைமாற்றத்தில்தான் நடக்கின்றன. அந்த டிரைவர் திரையை எடுக்காமல் தடுக்கும் ‘நோமோட்செட்’ ஆப்ஷனோடு பூட் செய்து திரை வந்தால் சந்தேகம் உறுதி. அதையே மருந்தாக வைத்துக்கொள்ளாதீர்கள்: ஒளி அளவை மாற்ற முடியாது, வெளி மானிட்டரும் வேலை செய்யாது.

லாகில் ‘டைரக்ட் ஃபர்ம்வேர் லோட்’ என்று தொடங்கி ‘எரர் -2’ என்று முடியும் வரி இருக்கிறதா பாருங்கள். -2 என்றால் ஃபைல் கிடைக்கவில்லை. ஏஎம்டிஜிபியு தன் ஃபர்ம்வேர் (டிரைவர் கிராபிக்ஸ் சிப்பில் ஏற்றும் சிறு மென்பொருள்) இல்லாமல் எழாது. ஐ915 மின்சிக்கனத்துக்கான டிஎம்சி ஃபர்ம்வேர் இல்லாவிட்டாலும் திரையைக் கொடுத்துவிடும், பேட்டரிச் சிக்கனம்தான் போகும். ஃபைல் டிஸ்க்கில் இருந்தும் கிடைக்காமல் போக இரண்டு காரணங்கள் உண்டு.

ஒன்று, கான்ஃபிக்கை மாற்றும் மெனுகான்ஃபிக்கில் டிரைவரை ‘எம்’ (தனி மாட்யூல்) என்று விடாமல் ‘ஒய்’ என்று கெர்னலுக்குள்ளேயே சேர்த்திருப்பீர்கள். ரூட் பார்ட்டிஷன் மவுன்ட் ஆகும் முன்பே அது ஃபர்ம்வேர் கேட்கிறது, கொடுக்க ஆளில்லை. ‘எம்’ ஆக்கிவிட்டு, இனிட்ராம்எஃப்எஸ்ஸை (பூட்டின் தொடக்கத்தில் ஏறும் தற்காலிக ஃபைல் தொகுப்பு, மேலே சொன்ன ராம்டிஸ்க்) மறுபடி உருவாக்குவதே சுலபம். இரண்டாவது பலர் கண்ணில் படாதது: உபுண்டுவும் ஆர்ச்சும் ஃபர்ம்வேரை இசட்ஸ்டாண்டர்டாகவும், ஃபெடோரா எக்ஸ்இசட்டாகவும் சுருக்கி வைக்கின்றன. ‘கம்ப்ரெஸ்டு ஃபர்ம்வேர்’ ஆதரவை, அதுவும் அந்தந்த வகைக்கு உரியதை, இயக்காத கெர்னலுக்கு அந்த ஃபைல்கள் இருந்தும் இல்லாததுதான்.

ஃபர்ம்வேர் பற்றிய வரியே இல்லை, டிரைவர் பெயரும் இல்லை என்றால் டிரைவரே பில்டில் இல்லை. ‘மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்’ அந்த நேரத்தில் லோட் ஆகியிருக்கும் மாட்யூல்களை மட்டுமே வைத்துக்கொள்ளும். நோமோட்செட்டில் பூட் ஆகியிருந்தபோது அதை ஓட்டினால் கிராபிக்ஸ் டிரைவர் வெட்டப்பட்டுப் போகும். டிஸ்ட்ரோ (உபுண்டு, ஃபெடோரா போன்ற தொகுப்பு) தரும் கான்ஃபிக்கை நகலெடுத்து ‘மேக் ஓல்ட்டெஃப்கான்ஃபிக்’ செய்வது, கம்பைல் நேரம் கூடினாலும், முதல் முயற்சிக்கு நல்லது.

தொடக்க எழுத்தே வராவிட்டால் ‘ஃபிரேம்பஃபர் கன்சோல்’, ‘சிம்பிள்டிஆர்எம்’ இரண்டையும் ‘ஒய்’ ஆக்குங்கள். பிந்தையது 5.14 முதல் உண்டு. ராம்டிஸ்க் வரியில் நிற்பதற்குப் பெரும்பாலும் வேறொரு காரணம்: டிஸ்ட்ரோ கான்ஃபிக்கில் டீபக் தகவல் இயக்கத்தில் இருப்பதால் மாட்யூல்களும் அவற்றோடு இனிட்ராம்எஃப்எஸ்ஸும் ஊதிப்போய், கிரப் ‘அவுட் ஆஃப் மெமரி’ என்று கைவிரிக்கும். மாட்யூல்களை நிறுவும் கட்டளையில் ‘இன்ஸ்டால்_மாட்_ஸ்ட்ரிப்=1’ சேர்த்து மறுபடி நிறுவி, இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் புதிதாக எடுங்கள்.

லாகின் திரையில் அணைந்தால்

என்விடியா லேப்டாப்பா? அதன் சொந்த டிரைவர் ஒவ்வொரு கெர்னலுக்கும் தனியாக பில்டு ஆக வேண்டும். அந்த பில்டுகளைக் காட்டும் ‘டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்’ பட்டியலில் புது கெர்னலின் பெயர் இல்லையென்றால் பில்டுக்கு வேண்டிய ஹெடர் ஃபைல்களை நிறுவாமல் விட்டிருக்கலாம். என்விடியாவுக்கான திறந்த மூல டிரைவரான நூவோவை என்விடியா டிரைவர் பேக்கேஜ் ஏற்கெனவே தடைசெய்து வைத்திருக்கும், ஆகவே மாற்று டிரைவரும் வராது. செக்யூர் பூட் (கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் ஏற்கும் பாதுகாப்பு) இயக்கத்தில் இருந்தால் கையொப்பமில்லாத மாட்யூலும் மறுக்கப்படும். இரட்டை கிராபிக்ஸ் உள்ள பல லேப்டாப்களில் பேனல் இன்டெல் அல்லது ஏஎம்டி சிப்போடுதான் இணைக்கப்பட்டிருக்கிறது. ‘என்விடியா இருக்கிறதே’ என்று ஐ915-ஐ நீக்கிவிடாதீர்கள்.

திரை வந்தும் மின்னினால் பெரும்பாலும் மின்சிக்கனத்துக்கான பேனல் செல்ஃப் ரிஃப்ரெஷ் வசதியின் வேலை. அதை அணைக்கும் ஆப்ஷன்கள்: இன்டெலுக்கு ‘ஐ915.எனேபிள்_பிஎஸ்ஆர்=0’, ஏஎம்டிக்கு ‘ஏஎம்டிஜிபியு.டிசிடீபக்மாஸ்க்=0எக்ஸ்10’.

அதே கான்ஃபிக், பழைய பதிப்பு ஓடுகிறது, புதியது ஓடவில்லை என்றால் அது கெர்னலில் நுழைந்த பிழை. மாற்றங்களைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் ‘கிட் பைசெக்ட்’ ஓட்டுங்கள். இரண்டு அடுத்தடுத்த பதிப்புகளுக்கு இடையே சுமார் 14 பில்டுகளில் குற்றவாளி கமிட் (கோடில் செய்த ஒரு மாற்றம்) அகப்படும். ஒவ்வொரு பில்டுக்கும் கெர்னல் பெயரின் கடைசியில் வரும் ‘லோக்கல் வெர்ஷன்’ பின்னொட்டை மாற்றுங்கள்; இல்லையேல் பழைய மாட்யூல்கள் அதே டைரக்டரியில் கலந்து, சோதனை முடிவே பொய்யாகிவிடும்.