அசெர்ட் தோற்றால் முதலில் எதைத் திறப்பது?

ஃபார்மல் சரிபார்ப்பு என்பது சர்க்யூட் நம் விதிப்படி நடக்கிறதா என்று கணித முறையில் நிரூபிப்பது. அதில் அசெர்ட் (எப்போதும் உண்மையாக இருக்க வேண்டும் என்று நாம் எழுதும் விதி) தோற்றதும் வெரிலாக் கோப்பை, அதாவது சர்க்யூட்டை விவரிக்கும் நிரலை, திருத்த உட்காராதீர்கள். பிழை சர்க்யூட்டிலா, நாம் எழுதிய விதியிலா என்பதே இன்னும் தெரியாது.

எடுத்துக்காட்டாக, ஒரு 4 பிட் கவுன்ட்டர். தொடக்க மதிப்பு 0. எனேபிள் என்ற உள்ளீடு 1 ஆக இருந்தால் மட்டும் ஒவ்வொரு கடிகாரத் துடிப்பிலும் ஒன்று கூடும். 9க்குப் பின் மீண்டும் 0. ‘எண்ணிக்கை ஒருபோதும் 12 ஆகாது’ என்பது நம் அசெர்ட். கருவி, இலவசமாகக் கிடைக்கும் சிம்பியோசிஸ் (SymbiYosys); புரூவ் (நிரூபிக்கும்) முறை, ஆழம் (எத்தனை துடிப்புகள் வரை பார்ப்பது) 20.

படி 1: எந்தப் பாதி தோற்றது?

புரூவ் முறையில் இரண்டு ஓட்டங்கள் உண்டு. அடிப்படை ஓட்டம் தொடக்க நிலையிலிருந்து தேடும். அங்கே தோற்றால் பெரும்பாலும் மெய்யான பிழை. தொடக்க மதிப்பு கொடுக்க மறந்திருந்தாலும் அங்கேதான் விழும். நம் கவுன்ட்டர் அதில் தேறிவிடுகிறது. தோற்பது இன்டக்‌ஷன், அதாவது பள்ளியில் படித்த கணிதத் தொகுத்தறிதல். மெய்யான பிழையும் கிடைக்கவில்லை, நிரூபணமும் முடியவில்லை; அதனால்தான் முடிவு ‘ஃபெயில்’ என்று வராமல் ‘அன்நோன்’ (தெரியாது) என்று வருகிறது.

படி 2: அலைவடிவத்தைப் பின்னோக்கிப் படியுங்கள்

பெயரில் ‘இன்டக்ட்’ என்று இருக்கும் விசிடி கோப்பை (அலைவடிவப் பதிவு) ஜிடிகேவேவ் என்ற அலைவடிவம் காட்டும் மென்பொருளில் திறந்து வலக்கோடியிலிருந்து வாருங்கள். கடைசித் துடிப்பில் 12. அதற்கு முன் 11, அதற்கும் முன் 11, இடக்கோடி வரை 11தான். எனேபிள் 0 ஆகவே கிடந்து, கடைசிக்கு முந்தைய துடிப்பில் 1 ஆகிறது.

9ஐத் தாண்டாத கவுன்ட்டர் 11க்கு எப்படி வந்தது? வரவே இல்லை. இன்டக்‌ஷன் தொடக்க மதிப்பைப் பார்ப்பதில்லை. அசெர்ட்டை மீறாத எந்த நிலையிலிருந்தும் புறப்படும். 11 என்பது 12 அல்லவே! ஆழத்தை 200 ஆக்கினாலும் எனேபிளை 0இல் வைத்துக்கொண்டு அது பொறுமையாகக் காத்திருக்கும். இது புரியாமல் ஆழத்தை ஏற்றி ஏற்றி ஒரு மாலைப்பொழுதையே தொலைத்திருக்கிறேன்.

படி 3: விதியை இறுக்குங்கள்

‘எண்ணிக்கை <= 9’ என்று இன்னோர் அசெர்ட் சேருங்கள். 11இலிருந்து புறப்படும் வழி அடைபட்டுவிடும். அதையே அஸ்யூம் (உண்மை என்று கருவி சோதிக்காமலே ஏற்கும் நிபந்தனை) என்று எழுதக் கை துறுதுறுக்கும், வேண்டாம். அஸ்யூம் வெளியிலிருந்து வரும் உள்ளீடுகளுக்கு உரியது. உள்ளே எண்ணிக்கையைச் சேமிக்கும் ரெஜிஸ்டரை அதனால் கட்டிப்போட்டால், நாளை யாராவது, கவுன்ட்டரை மீண்டும் 0 ஆக்கும் ‘எண்ணிக்கை 9தானா’ என்ற ஒப்பீட்டை 13 ஆக்கினாலும் கருவி வாய் திறக்காது.

படி 4: வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள்

எல்லாம் தேறியதும் ஒப்பீட்டை 10 என்று மாற்றி ஓட்டுங்கள். இம்முறை அடிப்படை ஓட்டமே தோற்க வேண்டும். தோற்கவில்லையா? உங்கள் அசெர்ட் ஒருபோதும் உண்மையாகாத ஏதோ ஓர் ‘இஃப்’புக்குள் மாட்டியிருக்கக்கூடும், அங்கே தேடுங்கள். தோற்றதென்றால், மறக்காமல் 9ஐத் திரும்ப வைத்துவிடுங்கள்.