கும்பகோணத்துல கல்வெட்டு, சிலை பாக்கப் போறவங்க பண்ற தப்புங்க

காவிரிக்கும் அரசலாறுக்கும் நடுவுல இருக்கற ஊரு கும்பகோணம். இங்க வர்றவங்க பண்ற முதல் தப்பு, பழைய கல்லு எதப் பாத்தாலும் "சோழர் காலம், ஆயிரம் வருஷம்"னு சொல்லிட்டு நகர்ந்துடறது. மகாமகக் குளத்தச் சுத்தி இருக்கற 16 மண்டபமும் சோழர் கட்டினது இல்லங்க, தஞ்சாவூர் நாயக்கர்கிட்ட அமைச்சரா இருந்த கோவிந்த தீட்சிதர் கட்டினது. பக்கத்துல இருக்கற தாராசுரம் கோயில் சோழர் கட்டினதுதான், ஆனா தஞ்சாவூர் பெரிய கோயில் கட்டின ராஜராஜன் வேற, இது 12-ஆம் நூற்றாண்டு ரெண்டாம் ராஜராஜன், நடுவுல நூறு வருஷத்துக்கு மேல ஓடிடுச்சு.

அதே மாதிரி சாரங்கபாணி சன்னதித் தெருவுல இருக்கற கணித மேதை ராமானுஜன் வீட்டு முன்னாடி நின்னு செல்ஃபி எடுத்து "பிறந்த வீடு"ன்னு போடாதீங்க, 1887-ல அவர் பிறந்தது ஈரோட்டுல, வளந்ததுதான் இங்க.

எனக்கு ரொம்ப வலிக்கறது அடுத்த தப்புதான். தாராசுரத்துல கருவறை வெளிச்சுவர்ல கீழ வரிசையா நாயன்மார் கதை செதுக்கியிருக்காங்க, ஒவ்வொண்ணும் கையகலம் கொஞ்சம் கூட இருக்கும் அவ்ளோதான், மேல பொடி எழுத்துல யாரு கதைன்னு அவங்களே வெட்டி வச்சிருக்காங்க. முதலை வாயிலேர்ந்து சுந்தரர் பிள்ளைய மீட்டது கூட இருக்கு. எழுத்து தெரியலன்னு விபூதி, சாக்பீஸ், மாவு தடவுறாங்க பாருங்க, அது எழுத்துக் குழில போய் உக்காந்துக்கும், அப்புறம் தேச்சுக் கழுவினா கல்லும் சேந்து தேயும். தடவவே வேணாம், செல்போன் டார்ச்ச சுவரோட ஒட்டி பக்கவாட்டுல சாச்சுப் பிடிங்க, நிழல் விழுந்து எழுத்து தானா எழுந்து நிக்கும். நேரா அடிச்சா ஒண்ணும் தெரியாது.

அதே தாராசுரத்துல கல் தேர்ச் சக்கரத்துல, குதிரை மேல குழந்தையத் தூக்கி வச்சு போட்டோ எடுக்கறதும் வேணாம். பாதுகாக்கப்பட்ட சின்னத்த சேதப்படுத்தினா 2 வருஷம் வரைக்கும் ஜெயில், 1 லட்சம் வரைக்கும் அபராதம்னு சட்டமே இருக்கு.

கடைசியா, ஊரோட முடிச்சுக்காதீங்க. தாராசுரத்துல இருந்த ஒரு துவாரபாலகர் (வாயில் காவலர் சிலை) இப்ப தஞ்சாவூர் அரண்மனை கலைக்கூடத்துல நிக்கறார், பாக்கவே சோழர் சிலை மாதிரி இருக்காது, குனிஞ்சு பீடத்தப் படிங்க, சாளுக்கியரோட கல்யாணபுரத்த "எறிந்து கொடுவந்த துவாரபாலகர்"னு, அதாவது அந்த ஊர அழிச்சுட்டுக் கொண்டுவந்தவர்னு, தமிழ்லயே வெட்டியிருக்கும்.