ஃபிளமெங்கோ பார்க்கப் போகிறீர்களா?

ஸ்பெயினின் செவில், கிரனடா பக்கம் சின்ன அரங்கில் ஸ்பானியப் பாடலும், பாட்டும் ஆட்டமும் சேர்ந்த ஃபிளமெங்கோவும் கேட்கப் போனால், ஆடுபவரின் பாதம் தெரிகிற இடமாகப் பார்த்து உட்காருங்கள். அடியில் ஆணி அடித்த காலணிதான் பாதி இசையே.

ஸ்பானிய இசையமைப்பாளர் மனுவேல் தே ஃபாயா 1914-இல் எழுதிய 7 பாடல்கள் நிகழ்ச்சியில் இருந்தால், ஏழும் முடிந்தபின் கைதட்டுங்கள். ஐந்தாவது ஒரு தாலாட்டு. அவ்வளவு மெல்லியது, அதன்மேல் ஓசை விழவே கூடாது.

அப்புறம் ஃபிளமெங்கோ. கூடவே தாளம் தட்ட ஆசை வரும், வேண்டாம். சோலெயா என்ற ஃபிளமெங்கோ வகையில் ஒரு சுற்றுக்கு 12 எண்ணிக்கை. அழுத்தம் 3, 6, 8, 10, 12-இல். மூன்று மூன்றாகப் போவது ஆறுக்குப் பிறகு இரண்டிரண்டாக மாறும். மனதுக்குள் எண்ணிப் பாருங்கள், சிலிர்க்கும். பாடகர் வரியை இழுத்து முடிக்கும்போது பாராட்டாக, தாராளமாக "ஓலே" சொல்லலாம்.