மாட்டுக் கணக்கை ஈத்துக்கு ஈத்து பாருங்கள்

பால் சங்கத்துப் பட்டுவாடா கைக்கு வந்ததும் புண்ணாக்குக் கடை பாக்கியைக் கழித்து, மிச்சமெல்லாம் லாபம் என்று எண்ணுவது மதுரைப் பக்கத்துப் பழக்கம். மாடு பால் வற்றி நிற்கும் மாதங்கள் அந்தக் கணக்கில் வருவதே இல்லை. அதனால் மாதக் கணக்கை விடுங்கள். ஒரு ஈத்திலிருந்து அடுத்த ஈத்து வரை, அதாவது ஒரு கன்று ஈன்றதிலிருந்து அடுத்த கன்று ஈனும் வரை பாருங்கள்.

நோட்டில் மாட்டுக்கு ஒரு பக்கம் போதும். ஈன்ற தேதி, சினைக்குத் தயாரான பருவத் தேதி, கருவூட்டும் சினை ஊசித் தேதி, சினை பார்த்த தேதி, பால் வற்றிய தேதி. பாலைத் தினமும் எழுத முடியாவிட்டால் வாரத்தில் ஒரு நாள் இரண்டு வேளையும் அளந்து ஏழால் பெருக்குங்கள். சொந்த வயல் வைக்கோலுக்கும் விலை போட வேண்டும். மேலூரில் அறுப்பு முடிந்ததும் வைக்கோல் போராகப் படப்பு போட்டவருக்கும், சித்திரையில் உசிலம்பட்டிக்கு வண்டி வாடகை கொடுத்து இறக்கியவருக்கும் வைக்கோல் ஒரே விலையில்லை.

ஒரு கணக்குப் போடுவோம். விலைகளை உங்கள் ஊருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். சராசரி 8 லிட்டர், லிட்டர் 36 ரூபாய் என்றால் நாள் வரவு 288. புண்ணாக்கு, தவிடு போன்ற அடர்தீவனம் மாட்டின் உடம்பைக் காக்க ஒன்றரை கிலோ, அதற்குமேல் இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ. பசும்புல், வைக்கோலும் சேர்த்து நாள் செலவு 200 என்போம். 305 நாள் கறவையில் மிச்சம் 26,840. வற்றிய மாட்டுக்கு நாளுக்கு 100 ரூபாய். 90 நாள் வற்றி நின்றால் 17,840 தேறும். அதுவே 210 நாள் என்றால் 5,840தான். பாலும் தீவனமும் ஒன்றே. சினை பிடிக்கத் தாமதமான 120 நாள் மட்டுமே வித்தியாசம்.

ஒரு பருவத்தைத் தவறவிட்டால் அடுத்ததுக்கு 21 நாள் காத்திருக்க வேண்டும், அதாவது 2,100 ரூபாய். கட்டுத்தறியிலேயே நிற்கும் மாடு மற்ற மாட்டின் மேல் தாவிப் பருவத்தைக் காட்டாது. கறக்கும்போது வாலடியில் கண்ணாடி போன்ற கோழை ஒட்டியிருக்கிறதா பாருங்கள். காலையில் கண்டால் சாயங்காலம், சாயங்காலம் கண்டால் மறுநாள் காலை ஊசி. ஈன்று 60 நாளுக்குப் பின் வரும் பருவத்தை விடாதீர்கள். வெறும் வைக்கோலில் வளரும் மாட்டுக்குத் தினமும் 50 கிராம் தாது உப்புக் கலவை கொடுங்கள். பருவம் தெளிவாகக் காட்டாத மாடுகளில் பல இந்தக் குறையால்தான் அப்படி நிற்கின்றன.

மூன்று ஊசிக்கும் சினை நிற்கவில்லையென்றால் நாலாவது ஊசிக்கு முன் கால்நடை மருத்துவரிடம் கர்ப்பப்பையைக் காட்டுங்கள். சரியாகாது என்று அவர் சொன்னால், 4, 5 லிட்டர் கறக்கும்போதே கைமாற்றிவிடுங்கள். பாலும் வற்றி, சினையும் இல்லாத மாட்டைச் சந்தைக்கு ஓட்டினால், துண்டுக்குள் விரல் பிடிக்கும் தரகர் கறிவிலையிலிருந்துதான் பேரத்தை ஆரம்பிப்பார்.