பழைய அமெரிக்க மசில் கார்: முதல் வண்டியில் நடக்கும் தவறுகள்

1964-ல் பான்டியாக் நிறுவனம் தன் நடுத்தர அளவு லெமான்ஸ் காரில் 389 கன அங்குல வி8 இன்ஜினைப் போட்டு ஜிடிஓ என்று விற்றது. சின்ன உடம்பு, பெரிய இன்ஜின். மசில் கார் என்றால் அவ்வளவுதான். பிரேக்கும் ஸ்டீயரிங்கும் டயரும் பெரும்பாலும் குடும்பக் காருக்கானவையாகவே இருந்தன. இருபது வயதில் ஒரு செவெல், மஸ்டாங், ரோடு ரன்னர் வாங்குகிறவர்கள் இந்த ஏற்றத்தாழ்வை இன்னும் கூட்டிவிடுகிறார்கள். கையில் சேரும் முதல் பணம் கார்புரேட்டருக்கும் எக்ஸாஸ்ட்டுக்கும் போகிறது. ஐம்பது வருஷத்து பிரேக் ஹோஸ் அப்படியே கிடக்கிறது.

பேட்ஜுக்குப் பணம் கொடுப்பது

‘எஸ்எஸ்’ (சூப்பர் ஸ்போர்ட், செவர்லே கார்களின் வேக ரகம்) பேட்ஜ், கோடு போட்ட பானெட், கறுப்பு கிரில் எல்லாமே உதிரிபாகக் கடையில் கிடைக்கும். செவெலின் சாதாரண வகையான மாலிபூவை ஒரு வார இறுதியில் எஸ்எஸ் ஆக்கிவிடலாம். அதனால் முதலில் பார்க்க வேண்டியது விஐஎன், அதாவது வண்டியின் அடையாள எண். 17 இலக்க முறை 1981-ல்தான் வந்தது. அதற்கு முன் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு கணக்கு. 1966 முதல் 1968 வரை வந்த செவெல் எஸ்எஸ் 396-ன் எண் 138 என்று தொடங்கும். 1969-லிருந்து எஸ்எஸ் என்பது ஆப்ஷன் ஆகிவிட்டதால் விஐஎன்னின் தொடக்கம் அதைக் காட்டிக்கொடுக்காது. முதல் தலைமுறை கமாரோவில் ஆறு சிலிண்டரா, எட்டா என்பது மட்டும்தான் தெரியும். பான்டியாக்கில் 1966 முதல் 1971 வரை 242 என்று தொடங்கினால் ஜிடிஓ. பான்டியாக்குக்கு பிஎச்எஸ் ஆவணம், 1967-லிருந்து வந்த ஃபோர்டுக்கு மார்ட்டி ரிப்போர்ட் என்று ஆலைப் பதிவுகளைக் காசு கட்டி வாங்கலாம். வண்டி விலையோடு பார்த்தால் அது சில்லறை.

‘ஒரிஜினல் இன்ஜின்’ என்று விற்பவர் சொன்னால் டார்ச்சை எடுங்கள். செவர்லே வி8-ல் வலப்பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் விரல் அகலத்தில் ஒரு தட்டையான இடம் இருக்கும்; எண்கள் அங்கேதான் குத்தப்பட்டிருக்கும். எண்ணைவிட அதன் பின்னணியைக் கவனியுங்கள். ஆலையில் பிளாக்கின் மேற்பரப்பைச் சீவும்போது விழுந்த மெல்லிய கோடுகள் முன்பின்னாக, ஒன்றுக்கொன்று இணையாக ஓட வேண்டும். அந்த இடம் வழுவழுவென்று இருந்தால் யாரோ சீவிவிட்டு மறுபடி குத்தியிருக்கலாம். நேர்மையாக ஓவர்ஹால் செய்து மேற்பரப்பைச் சீவிய இன்ஜினிலும் கோடுகள் போய்விடும் என்பதால் அதை வைத்து மட்டும் மோசடி என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ‘ஒரிஜினல்’ என்பதற்கான கூடுதல் விலையைத் தர வேண்டியதில்லை.

துருவுக்குக் காந்தம் போதும். மெல்லிய துணியில் சுற்றி, பின்சக்கர வளைவின் ஓரத்திலும் கதவுக்குக் கீழேயும் ஓட்டிப் பாருங்கள்; ஒட்டாத இடத்தில் பட்டி. பழைய மஸ்டாங்கில் இன்னொரு சோதனை உண்டு. விண்ட்ஷீல்டுக்கு முன்னால் இருக்கும் கிரில்லுக்குள் இரண்டு பக்கமும் தண்ணீர் ஊற்றிவிட்டு, டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நீட்டிப் பாருங்கள். சொட்டினால் உள்ளே கௌல் (அந்தக் கிரில்லுக்கு அடியில் இருக்கும் தகட்டுப் பெட்டி) துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது. அதைச் சரிசெய்ய ஸ்பாட் வெல்டுகளை ஒவ்வொன்றாகத் துளைத்து மேல் தகட்டையே கழற்ற வேண்டும். பெயின்ட் பளபளப்பைப் பார்த்து வாங்கியவர்கள் அழுவது இங்கேதான்.

நிற்காத வண்டியை ஓட வைப்பது

1966 வரை வந்த பெரும்பாலான அமெரிக்கக் கார்களில் மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலைத் தள்ளும் பகுதி) ஒற்றைச் சர்க்யூட். எங்காவது ஒரு இடத்தில் லீக் ஆனால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய், பெடல் தரையைத் தொட்டுவிடும். வேறு எதையும் தொடுவதற்கு முன் இதை இரட்டைச் சர்க்யூட்டாக மாற்றுங்கள். கூடவே மூன்று ரப்பர் ஹோஸ்களையும் (முன்னால் இரண்டு, பின் ஆக்சிலுக்கு ஒன்று) மாற்றுங்கள். பழைய ஹோஸ் வெளியே நன்றாகத் தெரியும். உள்ளே ஊதி அடைத்திருக்கும். மிதித்தால் அழுத்தம் போகும், விட்டால் திரும்பாது. ஒரு பக்கச் சக்கரம் மட்டும் சூடாகி வண்டி இழுத்தால் கேலிப்பரைக் குறை சொல்லும் முன் ஹோஸைப் பாருங்கள்.

டிரம்மிலிருந்து டிஸ்க்குக்கு மாறும்போது வரும் தவறு ஒன்று: பழைய டிரம் மாஸ்டர் சிலிண்டரையே வைத்துக்கொள்வது. அதன் வாயிலில் சுமார் 10 பிஎஸ்ஐ அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் ஒரு வால்வு இருக்கும். டிரம்முக்கு அது தேவை. டிஸ்க்கில் அதே வால்வு பேடை எப்போதும் உரச வைத்து, பத்து மைலில் ரோட்டரைக் காய்ச்சிவிடும். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள்.

இன்னொன்று யாரும் முன்கூட்டிச் சொல்லாதது. ஐடிலில் ‘கடகட’வென்று குலுங்க வேண்டும் என்பதற்காகப் பெரிய கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) போடுவார்கள். இன்ஜின் வாக்குவம் (உறிஞ்சும் அழுத்தம்) பாதரச அளவில் 18 அங்குலத்திலிருந்து 10-க்கு இறங்கும். பவர் பிரேக் பூஸ்டர் அந்த வாக்குவத்தில்தான் வேலை செய்கிறது. சிக்னலில் பெடல் கல்லாகிவிடும். சத்தம் வேண்டுமென்றால் வாக்குவம் ரிசர்வ் டேங்கோ மின் பம்போ சேர்த்துப் போடுங்கள்.

டயரில் பள்ளங்களின் ஆழத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். பக்கவாட்டில் ‘டாட்’ (DOT) குறியீட்டின் கடைசி நான்கு எண்கள் தேதி: 3512 என்றால் 2012-ன் 35-வது வாரம். மூன்று எண் மட்டும் இருந்தால் அது 2000-க்கு முந்தைய டயர். வெடிப்பே தெரியாவிட்டாலும் அதை ஓட்டக் கூடாது.

தீப்பிடிக்கும் இடங்கள்

பெட்ரோலில் 10 சதவீதம் எத்தனால் கலந்த பிறகு பழைய ரப்பர் ஹோஸ்கள் இளகிக் கசிகின்றன. எத்தனாலுக்கு ஏற்ற ஹோஸாக வாங்கி, டேங்கிலிருந்து பம்ப் வரையும் மாற்றுங்கள். பானெட்டுக்கு அடியில் இருப்பதை மட்டும் மாற்றுவது பாதி வேலை. அழகுக்காகப் போடும் கண்ணாடி ஃபில்டரை எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு மேலே தொங்கவிடுவதைப் போன்ற முட்டாள்தனம் வேறில்லை.

டாட்ஜ், பிளைமவுத் வாங்கியவர்களுக்கு ஆம்மீட்டர் தனிக் கதை. அந்தக் கால வயரிங்கில் ஆல்டர்னேட்டர் பேட்டரிக்கு அனுப்பும் கரன்ட் முழுதும் ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள தகடு) உள்ள பிளாஸ்டிக் கனெக்டர் வழியாக உள்ளே வந்து, டேஷ்போர்டில் ஆம்மீட்டரைத் தாண்டி, மறுபடி அதே கனெக்டர் வழியாக வெளியே போகும். 1960-களின் லைட்டுக்கும் ரேடியோவுக்கும் அது போதும். அதில் மின்சார ஃபேனும் 100 ஆம்பியர் ஆல்டர்னேட்டரும் சேர்த்தால் கனெக்டரின் பின்கள் உருகும். பேட்டரியைக் கழற்றிவிட்டு அந்த கனெக்டரைப் பிரித்துப் பாருங்கள். பழுப்பேறிய பிளாஸ்டிக், பச்சை படிந்த பின் தெரிந்தால், ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்குத் தனித் தடித்த வயரை ஃப்யூசிபிள் லிங்க்கோடு (கரன்ட் மிகுந்தால் உருகி அறுந்துவிடும் வயர்) இழுத்துவிட்டு, டேஷில் வோல்ட்மீட்டர் வையுங்கள்.

இன்ஜினில்

350 கன அங்குல இன்ஜினுக்கு 850 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று) கார்புரேட்டர் வாங்குவது அடிக்கடி நடக்கிறது. கணக்கு எளிது: கன அங்குலத்தை உச்ச ஆர்பிஎம்மால் பெருக்கி 3456-ஆல் வகுங்கள். 350, 5500 என்றால் 557. சாதாரண இன்ஜின் அதில் 85 சதவீதம்தான் இழுக்கும், அதாவது சுமார் 475. 600 தாராளம். பெரிதாகப் போட்டால் காற்றின் வேகம் குறைந்து, ஆக்சிலரேட்டரை மிதித்ததும் வண்டி திக்கும்.

புதிய ஃப்ளாட் டேப்பட் (உருளை இல்லாமல் நேரடியாக உரசும் வகை) கேம்ஷாஃப்ட்டைக் கெடுக்க முதல் அரை மணி நேரம் போதும். லோபுக்கு (வால்வைத் தள்ளும் மேடு) எண்ணெய் கிடைப்பது கிராங்க் சுழன்று தெறிப்பதால்; ஐடிலில் தெறிப்பு குறைவு. ஆகவே ஸ்டார்ட் ஆனவுடன் 2000 முதல் 2500 ஆர்பிஎம்முக்கு ஏற்றி 20 முதல் 30 நிமிடம் அங்கேயே, சற்று ஏற்றி இறக்கி, வைத்திருக்க வேண்டும். அதற்காக முன்பே டிரில்லால் ஆயில் பம்பைச் சுழற்றி அழுத்தம் ஏற்றி, கார்புரேட்டரில் பெட்ரோல் நிரப்பி, டைமிங் சரியாக வைத்திருங்கள். திரும்பத் திரும்ப கிராங்க் செய்தால் லோபில் தடவிய பேஸ்ட் வழிந்துவிடும். சூடேறினால் அணைத்து ஆறவிட்டுத் தொடரலாம். முடிந்ததும் ஆயிலை வடித்து ஃபில்டரை அறுத்துப் பாருங்கள். மடிப்புகளில் வெள்ளித் தூள் மின்னினால் ஒரு லோப் போய்க்கொண்டிருக்கிறது. அதன் பிறகும் தேய்மானத்தைத் தடுக்கும் ஜிங்க் 1200 பிபிஎம் அளவில் இருக்கும் ஆயில் வேண்டும். இன்றைய 5W-30 ஆயிலில் பாஸ்பரஸுக்கு 800 பிபிஎம் உச்சவரம்பு இருப்பதால், கூடவே வரும் ஜிங்க்கும் குறைவு.

1970 செவெலின் எல்எஸ்6 இன்ஜினில் கம்ப்ரெஷன் விகிதம் 11.25. அன்றைய ஈய பெட்ரோலுக்குச் செய்தது. இன்று அமெரிக்க 93 ஆக்டேன் பெட்ரோலைப் போட்டும் ‘கிணுகிணு’ என்று அடித்தால் டைமிங்கைப் பின்னுக்கு இழுக்க வேண்டிவரும். (அமெரிக்க பம்பில் எழுதியிருக்கும் 91, இந்தியாவில் நமக்குத் தெரிந்த 91 அல்ல. நம் கணக்கில் ஏறக்குறைய 95, 96.) அதிகமாக இழுத்தால் இன்ஜின் சூடாகும். சூடானால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியாதீர்கள். ஃபேன் ஷ்ரௌட் (ஃபேனைச் சுற்றிய உறை) இருக்கிறதா, கீழ் ஹோஸ் உறிஞ்சி ஒட்டிக்கொள்கிறதா என்று பாருங்கள்.

சீக்கிரம் வேகமெடுக்க வேண்டும் என்று பின் ஆக்சிலில் 4.10 கியர் போடுவதற்கு முன் நெடுஞ்சாலையை நினைத்துப் பாருங்கள்: 26 அங்குல டயரில் 70 மைல் வேகத்துக்கு 3700 ஆர்பிஎம் ஓடும், 3.08-ல் அது 2800-க்கும் கீழே.

காப்பீடும் ஸ்டீயரிங்கும்

‘அக்ரீட் வேல்யூ’, ‘ஸ்டேட்டட் வேல்யூ’ இரண்டும் காதில் ஒன்றுபோல விழும். முதலாவதில் ஒப்புக்கொண்ட தொகை முழுதும் கிடைக்கும். இரண்டாவதில் அந்தத் தொகை, அன்றைய சந்தை மதிப்பு, இதில் எது குறைவோ அது. பழங்கார்களுக்கான பாலிசிகள் பலவற்றில் தினசரி வேலைக்கு ஓட்டக் கூடாது என்ற நிபந்தனையும் இருக்கும். கல்லூரிக்கு ஓட்டிப்போகிறவர் கையெழுத்துக்கு முன் அதைப் படிக்க வேண்டும்.

கார் ரசிகர்கள் கூடும் நிகழ்ச்சியிலிருந்து கிளம்பும்போதுதான் பலர் கெடுக்கிறார்கள். டயர் குளிர்ந்திருக்கும், எதிரே கைப்பேசிகள் நீட்டியிருக்கும், டிராக்‌ஷன் கன்ட்ரோல் கிடையாது. பின்பக்கம் வழுக்கியவுடன் ஆக்சிலரேட்டரை முழுவதுமாக விட்டால் எடை முன்னால் சாய்ந்து, பின் டயர் திடீரெனப் பிடித்து, திருப்பி வைத்திருந்த ஸ்டீயரிங் பக்கமாக வண்டி பாயும். கூட்டம் நிற்பது அங்கேதான். பாதத்தை மெல்ல எடுங்கள், கண் போக வேண்டிய சாலையில் இருக்கட்டும். முன் இருக்கைக்குத் தோள் பெல்ட் அமெரிக்காவில் 1968-ல்தான் கட்டாயமானது. அதற்கு முந்தைய வண்டி என்றால் பெரும்பாலும் இடுப்பு பெல்ட் மட்டும்தான் இருக்கும். கிட் வாங்கி, மேல் போல்ட்டை வெறும் தகட்டில் அல்லாமல் பலப்படுத்திய தூணில், பின்பக்கம் தடித்த தகடு கொடுத்து முடுக்குங்கள்.