கைவிடப்பட்ட முயலை வீட்டுக்குப் பழக்குவது எப்படி? மலையகத்தில் இருப்பவர்களுக்கு

1. எந்த முயல் என்று பாருங்கள்

தேயிலை மலையில் முயல் குட்டி கண்ணில் பட்டால் தூக்கி வந்துவிடாதீர்கள். பிறக்கும்போதே ரோமமும் திறந்த கண்ணுமாக இருப்பது காட்டு முயல் குட்டி. தாய் வந்து கொஞ்ச நேரம் பால் கொடுத்துவிட்டுப் போய்விடும். தனியாகக் கிடப்பதால் அநாதை என்று அர்த்தமில்லை, அங்கேயே விடுங்கள். யாரோ வளர்த்து, கூண்டோடு கைவிட்ட வீட்டு முயலுக்குத்தான் இந்த விளக்கம்.

2. இடம்

குளிரை நினைத்துப் பயம் வேண்டாம். நல்ல நிலையில் இருக்கும் வளர்ந்த முயல் நுவரெலியா குளிரையும் தாங்கும். அதற்கு ஆகாதவை ஈரமும் நேராக அடிக்கும் காற்றும். சாரல் அடிக்காத இஸ்தோப்பு மூலை போதும். கம்பி வலைத் தரை பாதத்தைப் புண்ணாக்கும், அதன் மேல் பலகை போட்டுச் சாக்கு விரியுங்கள். ஒளிந்துகொள்ள, இரண்டு பக்கம் வாசல் வெட்டிய ஓர் அட்டைப் பெட்டி வையுங்கள். அடுப்படி வேண்டாம், விறகுப் புகை மூச்சைக் கெடுக்கும். இரவில் நாயும் கீரியும் நுழைய முடியாதபடி கதவு உறுதியாக இருக்கட்டும்.

வீட்டில் வேறு முயல் இருந்தால் இரண்டு வாரம் தள்ளியே வையுங்கள். ஆணா பெண்ணா என்று தெரியும்வரை சேர்த்து விடவே கூடாது. 31 நாளில் குட்டி போட்டுவிடும்.

3. மிருக வைத்தியர்

பல், காது, நகம், சொறி, ஆணா பெண்ணா எல்லாவற்றையும் ஒரே தடவையில் பார்த்துக்கொள்ளலாம். அருகில் முயல் பார்ப்பவர் இல்லையென்றால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய போதனா வைத்தியசாலை இருக்கிறது. கைவைத்தியம் மட்டும் செய்யாதீர்கள். நாய் உண்ணிக்குத் தடவும் ஃபிப்ரோனில் முயலுக்கு விஷம். வாய்வழியே கொடுக்கும் அமொக்சிசிலின் என்ற கிருமிக்கொல்லி மருந்து முயலின் குடலில் இருக்கும் நல்ல கிருமிகளைக் கொன்றுவிடும். குளிப்பாட்டவும் வேண்டாம்.

4. சாப்பாடு

முயலென்றால் கரட் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கரட்டில் இனிப்பு அதிகம், விரல் நுனி அளவு துண்டு எப்போதாவது கொடுத்தால் போதும். அதற்கு வேண்டியது புல். பல் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும், புல்லை அரைத்து அரைத்துத்தான் தேயும். குடல் ஓடுவதும் அந்த நாரால்தான்.

புல்லுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை, மருந்தடிக்காத புல்தான் பஞ்சம். தேயிலை மலை ஓரமும் மரக்கறித் தோட்ட வரப்பும் வேண்டாம். மருந்து படாதது என்று உங்களுக்கே நிச்சயமாகத் தெரிந்த இடத்தில் வெட்டுங்கள். காலை வெயிலில் சாக்கில் மெல்லியதாகப் பரப்பி, நடுவில் ஒருமுறை புரட்டி, மூடுபனி இறங்குவதற்குள் உள்ளே எடுத்துவிட வேண்டும். நன்றாகக் காய்ந்த புல்லில் பச்சை கொஞ்சம் மிஞ்சியிருக்கும், மணமும் நன்றாக இருக்கும். பூஞ்சண வாடை வந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் ஆனி, ஆடி மழையில் காய வைப்பது நடக்காத காரியம். அப்போது பச்சைப் புல்லை உதறி, தண்ணீர் வடியவிட்டுப் போடுங்கள். குவித்து வைத்தால் சூடேறிப் புளித்துவிடும்.

லீக்ஸ், வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்குச் செடியின் இலை, தேயிலைக் கொழுந்து கூடவே கூடாது. பாணும் பிஸ்கட்டும் அப்படித்தான். முன்பு என்ன சாப்பிட்டது என்று தெரிந்தால், திடீரென்று நிறுத்தாமல் சில நாளில் மெதுவாக மாற்றுங்கள்.

புழுக்கையைத் தினமும் பாருங்கள். உருண்டையாக, கடலை அளவில், காய்ந்திருந்தால் சரி. விடியற்காலையில் பின்பக்கம் குனிந்து மென்மையான புழுக்கையைத் தின்றால் அருவருக்க வேண்டாம், அது அதற்குத் தேவை. பன்னிரண்டு மணி நேரம் சாப்பிடாமலோ புழுக்கை போடாமலோ இருந்தால் அது அவசரம், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

5. பழக்குவது

முதல் இரண்டு மூன்று நாள் தொடவே வேண்டாம். புல், தண்ணீர் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அப்புறம் கூண்டுக் கதவைத் திறந்து, நீங்கள் தரையில் உட்காருங்கள். கதிரை வேண்டாம், மேலிருந்து வரும் கை அதற்குப் பருந்து மாதிரி. போனைப் பாருங்கள், கீரை ஆயுங்கள், முயலை மட்டும் முறைத்துப் பார்க்காதீர்கள். முதலில் பின்னங்கால் இரண்டும் கூண்டுக்குள்ளேயே இருக்க, உடம்பை மட்டும் நீட்டி மோப்பம் பிடிக்கும். மூக்கு வேகமாகத் துடிக்கும். கால் விரலை முகர்ந்துவிட்டு ஓடிவிடும். ஓடட்டும். சாரத்து ஓரத்தில் தாடையைத் தேய்த்ததென்றால் தன் மணத்தைப் பூசி, உங்களைத் தன் சொத்தில் சேர்த்துவிட்டது. அதன் பிறகு நெற்றியை மெதுவாகத் தடவலாம்.

பின்னங்காலால் தரையில் அடித்தால் பயம். தடவும்போது மெல்லப் பல்லை அரைத்தால் சுகம், சுருண்டு உட்கார்ந்து சத்தமாக அரைத்தால் வலி.

பிள்ளைகளுக்கு ஒரே சட்டம் போடுங்கள்: தூக்கக் கூடாது. காதைப் பிடித்துத் தூக்குவது எவருக்குமே கூடாது. தூக்கியே ஆக வேண்டுமென்றால் ஒரு கை நெஞ்சுக்குக் கீழே, மறு கை பின்புறத்தைத் தாங்கி, உங்கள் உடம்போடு அணைத்து. பின்கால் தொங்கி உதறினால் முதுகெலும்பே முறியலாம்.

6. கொடுப்பது

முயலை வேறு வீட்டுக்குக் கொடுப்பதென்றால், கேட்டு வருபவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள், வளர்க்கவா, கறிக்கா? பிள்ளையின் பிறந்தநாளுக்கு என்பவரிடம், முயல் எட்டுப் பத்து வருடம் இருக்கும் என்று சொல்லுங்கள், பாதிப் பேர் அதோடு போய்விடுவார்கள். மிஞ்சியவரிடம் முயலோடு அது படுத்த சாக்கையும் ஒரு பை காய்ந்த புல்லையும் கொடுத்தனுப்புங்கள். மணமும் தீனியும் ஒரே நாளில் மாறக் கூடாது.