கண்ணோரத்தில் பொடிப்பொடியாக முளைத்திருக்கிறதா? ஊசி எடுக்கும் முன் செய்ய வேண்டியவை

ராமநாதபுரத்திலிருந்து மண்டபம் போகிற சாலையில் ஒரு மருந்துக்கடையில் நிற்கிறேன். "அக்கா, ஊசி ஒண்ணு குடுங்க, கண்ணுக்குக் கீழ வெள்ளையா இருக்கு, குத்தி எடுத்துடறேன்" என்று கேட்டு வருகிறவர்கள் நிறைய. நான் ஊசி தருவதில்லை. "வாசலுக்கு வா தங்கச்சி, வெளிச்சத்துல காட்டு" என்பேன். முதல் வேலையே அதுதான்.

படி 1: என்னவென்று அடையாளம் காணுங்கள்

மையை அழித்து, முகம் கழுவி, பகல் வெளிச்சத்தில் கண்ணாடி பாருங்கள். குழல் விளக்கு வெளிச்சத்தில் எல்லாம் ஒரே நிறமாகத் தெரியும்.

அரிசிக் குருணை மாதிரி வெள்ளையாக, உருண்டையாக, தொட்டால் கெட்டியாக ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவில் இருந்தால் அது மிலியாவாக இருக்கலாம். உள்ளே இருப்பது சீழ் அல்ல. தோலில் உருவாகும் கெரட்டின் என்ற புரதம் வெளியேற வழியில்லாமல் அடைபட்டுக் கிடக்கிறது. வாய் இல்லாததால்தான் பருவைப் போல நசுக்கினால் வராது, தோல்தான் கன்றிப்போகும். பச்சைக் குழந்தைகளின் முகத்தில் இது சர்வசாதாரணம்; சில வாரங்களில் தானே போய்விடும். கடலை மாவு போட்டுத் தேய்க்காதீர்கள்.

தோல் நிறத்திலோ லேசான மஞ்சளாகவோ, இரண்டு கண்ணுக்குக் கீழும் கூட்டமாக இருந்தால் சிரிங்கோமா. வியர்வைக் குழாயிலிருந்து வளர்வது, பெண்களுக்கு அதிகம், ஆபத்தில்லை. கருப்பாக, மிளகை விடச் சிறிதாகக் கன்னம் வரை பரவியிருப்பது டி.பி.என். எனப்படும் கருமரு. அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கும் வரலாம்.

மூக்கை ஒட்டிய கண் மூலையில் தட்டையாக மஞ்சள் திட்டு இருந்தால் சாந்தலாஸ்மா. அது கொழுப்புப் படிவு. இந்தத் திட்டு உள்ளவர்களில் பாதிப் பேருக்கு ரத்தக் கொழுப்பு சரியாகவே இருக்கும் என்றாலும், மீதிப் பாதியில் நாம் இருக்கிறோமா என்று பரிசோதனை செய்யாமல் தெரியாது. அழகுக்காக வந்து சர்க்கரையும் கொழுப்பும் தெரிந்துகொண்டு போனவர்கள் உண்டு.

இமை விளிம்பில் சிவந்து வலித்தால் அது கண்கட்டி. சுத்தமான துணியை வெந்நீரில் நனைத்து, சூடு பொறுக்கும் அளவில் ஐந்து பத்து நிமிடம் ஒத்தடம், தினம் மூன்று நான்கு முறை. பிள்ளைகளுக்கு நடுவில் குழி விழுந்த முத்து முத்தாக வந்தால் அது தொற்றும் வைரஸ். துண்டைத் தனியாக வையுங்கள்.

படி 2: இவற்றைத் தள்ளி வையுங்கள்

இதைத்தான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மருவுக்குச் சிப்பிச் சுண்ணாம்பு வைப்பது நம் பக்கத்துப் பழக்கம். கழுத்தில் வைத்தாலே புண்ணாகும். கண்ணோரத்தில் வைத்தால், வியர்வையோடு கரைந்து உள்ளே இறங்கும். சுண்ணாம்பு தோலை அரிக்கும் காரப்பொருள், கருவிழிக்குள் ஊடுருவிக்கொண்டே போகும், பார்வையே போகலாம். மணல்மேட்டில் நிற்கிற எருக்கின் பாலும், அம்மான்பச்சரிசிப் பாலும் அப்படித்தான், கருவிழியைப் புண்ணாக்கும்.

கண்ணில் பட்டுவிட்டால் யோசிக்காமல் குழாயடிக்கு ஓடுங்கள். இமையை விரித்துப் பிடித்து அரை மணி நேரம் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, சுண்ணாம்புத் துகள் தெரிந்தால் அதையும் தண்ணீரிலேயே வெளியேற்றி, பிறகு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

முகம் வெளுக்க என்று சொல்லி வாங்கும் ஸ்டீராய்டு க்ரீமையும் நிறுத்துங்கள். நீண்ட நாள் பூசினால் தோல் மெலியும், மிலியாவே அதனால் வரலாம், கண் அழுத்தம் ஏறவும் இடமுண்டு. 2018லேயே பல ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு ஆணையிட்டது. கடைகளில் கேட்டால் இன்னும் கிடைக்கிறது என்பது எங்கள் தொழிலுக்கே அவமானம்.

படி 3: மிலியாவுக்கு வீட்டில் செய்யக்கூடியது

கனமான எண்ணெய்ப் பசை க்ரீமைக் கண்ணோரத்தில் நிறுத்துங்கள். காலையும் இரவும் மென்மையான ஃபேஸ்வாஷ். கடலில் நனைந்து வந்தால் நல்ல தண்ணீரில் ஒரு கழுவு. வால்நட் தூள் போட்ட ஸ்க்ரப் வேண்டாம், இமைத்தோல் உடம்பிலேயே மெல்லிய தோல். ஆவி பிடித்தாலும் மிலியா கரையாது.

டாக்டர் எழுதிக் கொடுத்தால் அடாபலீன் ஜெல் இரவில் துளியளவு. கண்குழி எலும்புக்கு வெளியே மட்டும், இமைமேல் கூடாது. கர்ப்பிணிகள் தொடவே வேண்டாம். பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும்.

படி 4: எடுத்தே ஆக வேண்டுமென்றால்

தோல் டாக்டரிடம். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் புற நோயாளி சீட்டு போட்டுக் கேட்கலாம். மிலியாவைச் சுத்திகரித்த நுண் ஊசியால் மேல்தோலைக் கீறி, முத்தை அப்படியே வெளியே எடுப்பார்கள், நிமிட வேலை. கருமருவுக்கும் சிரிங்கோமாவுக்கும் மரத்துப்போக மருந்து கொடுத்து, மின்சூட்டிலோ லேசரிலோ எடுப்பது வழக்கம்.

நம் மாநிறத் தோலில் சுட்ட இடம் கருத்தோ வெளுத்தோ போக வாய்ப்பிருக்கிறது. அதனால் "முதல்ல ஓரமா ஒண்ணு ரெண்டு மட்டும் எடுத்துப் பாக்கலாமா சார்?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். ஒரே நாளில் அத்தனையையும் எடுத்துத் தருகிறேன் என்கிற பார்லர் பக்கம் போகாதீர்கள்.

ஆறாத புண், தானாக ரத்தக் கசிவு, அந்த இடத்தில் மட்டும் இமை முடி உதிர்வு, வேகமாக வளர்வது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அழகு சிகிச்சையைப் பற்றிப் பேச வேண்டாம். உடனே காட்டுங்கள், புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும்.

படி 5: எடுத்த பிறகு

பொருக்கு ஒரு வாரம் பத்து நாளில் தானாக உதிரும், நகத்தால் பெயர்க்காதீர்கள். அதுவரை கடலில் இறங்க வேண்டாம். கடல்பாசி எடுக்கப் போகிறவர்களுக்கு இது சிரமம்தான், ஆனால் முங்கும்போது மாட்டுகிற கண்ணாடியின் ரப்பர் விளிம்பு சரியாக அந்தப் புண்ணின் மேல்தான் அழுந்தும். வெயிலில் நின்றால் தழும்பு கருக்கும். முந்தானையை நெற்றிக்கு இழுத்துவிட்டுக்கொள்ளுங்கள், தோல் ஆறியதும் சன்ஸ்க்ரீன் போடலாம். சிரிங்கோமா சிலருக்குத் திரும்ப வரும் என்பதையும் பணம் கட்டும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.